மருந்து நூல் வகுத்த மாமேதை லீ ஷிசென்



நம் தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குச் செல்வோர் அங்குள்ள சீன மருந்துக் கடையைப் பார்த்திருப்பர். சுவர் முழுவதும் சிறு சிறு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேர், ஒரு பட்டை, ஒரு காய்ந்த பூ. கடைக்காரர் சீட்டைப் பார்ப்பார். அறைகளை ஒவ்வொன்றாக இழுப்பார். சிறிய கைத்தராசில் நிறுப்பார். தாளில் மடித்துக் கொடுப்பார். நாம் சிறுவனாக இருந்தபோது தந்தையாருடன் அக்கடை வாசலில் நின்று, இத்தனை அறைகளிலும் இன்னின்ன மருந்து உள்ளதென்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார் என்று வியந்ததுண்டு. தந்தையாரைக் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நூல்நிலையத்தில் ஒரு நூலைப் புரட்டிக் கொண்டிருந்தபோதுதான் அவ்வினாவிற்கு விடை கிடைத்தது. அவ்விடை ஒரு மனிதரின் பெயர். அவரே லீ ஷிசென்.

சீன நாட்டில் மிங் மரபினர் ஆண்ட காலம் அது. யாங்சி ஆறு பாயும் ஹூபெய் மாநிலத்தில் சீசோ என்னும் ஊரில் 1518ஆம் ஆண்டு லீ ஷிசென் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஒரு நாடோடி மருத்துவர். தோளில் மருந்துப் பையும் கையில் மணியுமாக ஊர் ஊராக நடப்பார். மணியோசை கேட்டு நோயாளிகள் வெளியே வருவர். தந்தையார் லீ யென்வென் அவரினும் ஒரு படி உயர்ந்தவர். கற்றறிந்த மருத்துவர், நூல்களும் எழுதியவர். ஆயினும் அக்காலச் சீனத்தில் மருத்துவத் தொழிலுக்குப் பெரிய மதிப்பில்லை. அரசாங்கத் தேர்வில் வென்று அதிகாரியானவனுக்கே மாலையும் மரியாதையும். ஆதலின், மணியாட்டிப் பிழைத்த குடும்பத்தின் பெயரைத் தம் மகன் மாற்ற வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். தோட்டத்தில் பால்மரம் சீவிய கையோடு பிள்ளையின் பள்ளிப் பையைத் தூக்கி வந்த பெற்றோர்களுக்கு இவ்விருப்பத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

மகனும் சோம்பேறி அல்லன். பதினான்காம் வயதிலேயே முதல் நிலைத் தேர்வில் வெற்றி பெற்றான். ஊரே மெச்சியது. அடுத்தது மாநிலத் தேர்வு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வூசாங் நகரில் நடைபெறும். 1534ஆம் ஆண்டு எழுதினான், தோற்றான். 1537ஆம் ஆண்டு மீண்டும் எழுதினான்; மீண்டும் தோல்வி. 1540ஆம் ஆண்டு மூன்றாம் முறை. அப்போதும் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்படும்வரை, அதன் முடிவு வெளியாகும் நாள் நம்மைப் போன்ற தலைமையாசிரியர்களுக்கு ஒரு திருநாள் போல இருந்தது. பெயர்களைச் சபையில் உரக்க வாசிப்போம். ஓர் ஆண்டு, பெயர் வாசிக்கப்படாத மாணவன் ஒருவன் லயத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். பொழுது சாய்ந்த பின்னரே அவன் தாயார் கண்டுபிடித்து அழைத்து வந்தார். இன்று அவனிடந்தான் நம் மகிழுந்தைப் பழுது பார்க்கக் கொடுக்கிறோம். பிழையில்லாமல் வேலை செய்கிறான். அன்று நாம் அப்படி வாசித்திருக்கக் கூடாது என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

லீ ஷிசென்னின் கதைக்கு வருவோம். தேர்வுகளுக்கு இடையில், அவருக்கு இருபது வயதான போது, கடும் நோய் ஒன்று பற்றியது. சளியும் இருமலுமாகத் தொடங்கியது; நாளடைவில் தோல் தீயாய்க் கொதித்தது; நாள்தோறும் ஒரு கிண்ணம் அளவுக்குச் சளி வந்தது; உணவும் உறக்கமும் ஒழிந்தன. பல மருந்துகள் கொடுத்தும் ஒரு மாதத்திற்கு மேல் நோய் முற்றிக்கொண்டே போயிற்று. இனிப் பிழைக்கமாட்டார் என்றே அனைவரும் முடிவு கட்டினர். அந்நேரம் தந்தையாருக்குப் பழைய மருத்துவர் ஒருவர் எழுதி வைத்த முறை நினைவுக்கு வந்தது. ஹுவாங்சின் என்னும் மஞ்சள் நிற வேர் ஒன்றை மட்டும் எடுத்து, இரு கோப்பை நீரை ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்சிக் கொடுத்தார். மறுநாளே காய்ச்சல் இறங்கிற்று. இருமலும் பின் நீங்கிற்று. சரியான நோய்க்குச் சரியான மருந்து சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை லீ ஷிசென் தம் உடம்பிலேயே கண்டார். பிற்காலத்தில் தம் பெருநூலில் அந்த வேரைப் பற்றி எழுதும் இடத்தில் இந்நிகழ்ச்சியையும் மறவாமல் பதிந்து வைத்தார்.

மூன்றாவது தோல்விக்குப் பின்னர் அவர் தேர்வை விட்டார். மருத்துவத்தைக் கற்பிக்குமாறு தந்தையாரைக் கேட்டுக்கொண்டார். தந்தையார் இணங்கினார். மகன் பகலில் நோயாளிகளைப் பார்த்தார். இரவில் நூல்களைப் படித்தார். ஏழை எளியவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் மருத்துவம் செய்தார். அவர் பெயர் பரவிற்று. வூசாங்கில் இருந்த சூ சிற்றரசரின் மகனுக்கு வலிப்பு வந்தபோது அவர் குணப்படுத்தினார். அரண்மனையில் பதவி கிடைத்தது. பின்னர் அங்கிருந்து தலைநகர் பெய்ஜிங்கின் பேரரசு மருத்துவக் கழகத்துக்கும் பரிந்துரைக்கப்பட்டார். தந்தையார் விரும்பிய அதிகாரி வாழ்வு வேறு வழியாக வந்து வாசலில் நின்றது எனலாம். ஆனால் லீ ஷிசென் அங்கே நெடுங்காலம் தங்கவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார். வேறொரு வேலை அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவ்வேலை யாதெனில், பழைய மருந்து நூல்களைத் திருத்துவது. சீன மருத்துவர்கள் பல நூற்றாண்டுகளாக மருந்துப் பொருள்களைத் தொகுத்து வந்தனர். ஒருவர் நூலை அடுத்தவர் பெருக்கினார். நூல் பெருகப் பெருகப் பிழையும் பெருகிற்று. நான்சிங், ஹூசாங் எனப்பட்டவை ஒரே செடியே. நூலிலோ அவை இரண்டு மருந்துகளாக நின்றன. வேறு சில இடங்களில் இரு வேறு செடிகள் ஒரே தலைப்பில் அடைக்கப்பட்டிருந்தன. நூலை நம்பி மருந்து கொடுக்கும் மருத்துவர் நல்லவராகவே இருக்கலாம். நூலில் பிழை இருந்தால் நோயாளி மாள்வார். லீ ஷிசென்னை உறங்கவிடாமல் செய்த எண்ணம் இதுதான்.

1552ஆம் ஆண்டு வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. ஏறத்தாழ எண்ணூறு நூல்களை ஆராய்ந்தார். நூல்கள் ஒன்றையொன்று மறுத்தபோது, எது சரி என்பதை அறியக் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் புறப்பட்டார். வேடரையும் மீனவரையும் உழவரையும் விறகு வெட்டியையும் விசாரித்தார். நூல் படித்தவர்கள் அறியாததைக் கையால் உழைப்பவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் சொன்னவற்றை மதித்து எழுதிக்கொண்டார் என்பது அவரிடம் நமக்கு மிகவும் பிடித்த குணம்.

எடுத்துக்காட்டாக ஒன்று. அவருடைய சீசோ ஊரில் ஒரு நச்சுப் பாம்பு உண்டு. கருநிற உடலில் வெண்ணிறப் பூப்போன்ற கோலம் கொண்டது. அதை உலர்த்தி மருந்தாக விற்பர், விலை அதிகம். விலை அதிகமானால் போலியும் வரும் அல்லவா? வேற்றூர்ப் பாம்புகளைச் சீசோப் பாம்பு என்று வணிகர்கள் விற்றனர். லீ ஷிசென் உண்மைப் பாம்பின் அடையாளங்களை ஆராய்ந்தார். அதன் விலாப்புறத்தில் சாய்சதுரக் கோலங்கள் இருபத்துநான்கு இருக்கும் என்று எண்ணிக் குறித்தார். அதன் பிறகு, எண்ணத் தெரிந்த எவரையும் வணிகர் ஏமாற்றுவது கடினமாயிற்று.

மற்றொன்று அழுங்கு. நம் மலேசியக் காடுகளிலும் வாழும், உடலெல்லாம் செதில் கொண்ட அந்த எறும்புத்தின்னியே அது. லீ ஷிசென்னுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் வாழ்ந்த தாவ் ஹோங்ஜிங் என்னும் பேரறிஞர் அதைப் பற்றி ஒரு விந்தைக் கதை எழுதியிருந்தார். அது செத்தது போலக் கிடந்து செதில்களைத் திறக்குமாம். எறும்புகள் உள்ளே நுழைந்ததும் மூடிக்கொண்டு நீரில் இறங்குமாம். மிதக்கும் எறும்புகளைத் தின்னுமாம். லீ ஷிசென் ஓர் அழுங்கின் இரைப்பையை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு படி அளவுக்கு எறும்புகள் இருந்தன. அது நீண்ட நாக்கை நீட்டி எறும்புகளைப் பிடிப்பதையும் குறித்தார். பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக அவர் வாளாவிருக்கவில்லை. ஆயினும் அழுங்கின் செதில் மருந்தாகும் என்ற பழைய நம்பிக்கையை அவரும் ஏற்றுக்கொண்டார். அந்நம்பிக்கையால் அவ்விலங்கு இன்று அழியும் நிலைக்கு வந்துள்ளது. சீன நாடே 2020ஆம் ஆண்டில் அச்செதிலைத் தன் அரசாங்க மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மாணவர்களே, தோட்டத்து ஓரத்தில் அழுங்கு எதையேனும் கண்டால் அதைத் தொடாமல் போகவிடுங்கள்.

ஊமத்தை இனத்துச் செடி ஒன்றைப் பற்றியும் ஒரு கதை வழங்கி வந்தது. சிரித்துக்கொண்டே அதன் பூவைப் பறித்து மதுவில் இட்டுக் குடித்தால் சிரிப்பு வரும். ஆடிக்கொண்டே பறித்தால் ஆட்டம் வரும் என்பர். அவர் அதைத் தாமே குடித்துச் சோதித்தார். மயக்கம் பாதி ஏறிய நிலையில், அருகிலிருப்பவர் சிரித்தால் குடித்தவரும் சிரிப்பார், அவர் ஆடினால் இவரும் ஆடுவார் என்று கண்டுகொண்டார். பறிக்கும் முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. புண்ணை அறுக்கும்போது வலி தெரியாதிருக்க அச்செடி உதவும் என்றும் எழுதினார். ஊமத்தை கொடிய நஞ்சு, உயிரைப் பறிக்கும். அவர் துணிந்ததை நீங்கள் ஒருபோதும் செய்யலாகாது.

மிளகு பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது நமக்குப் புன்னகை வந்தது. இளமையிலிருந்தே அவருக்கு மிளகின்மேல் பெருவிருப்பம். ஆண்டுதோறும் கண்ணில் நோய் வரும். இரண்டுக்கும் தொடர்பிருக்கும் என்று அவர் ஐயுறவில்லை. நாளடைவில் ஐயம் பிறந்து மிளகை அறவே விட்டார். கண்ணோயும் நின்றது என்கிறார். மிளகு ரசம் இன்றி உணவு கொள்ளாத நமக்கு அப்படி ஒன்றும் நேர்ந்ததில்லை. ஆனால் ஊருக்கு மருத்துவம் சொன்னவர் தம் நாவின் பிழையையும் மறைக்காமல் எழுதினாரே, அது பெரிது.

பாகற்காயும் அவர் நூலில் உண்டு. அது தென்திசை அயல்நாடுகளிலிருந்து சீனத்துக்கு வந்தது என்று குறித்திருக்கிறார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அப்போதுதான் ஆசியாவிற்கு வந்துகொண்டிருந்த மக்காச்சோளத்தையும் சேர்த்துப் படமும் போட்டார். மருந்துகளோடு நீர், தானியம், காய்கறி, பழம், மீன், நாம் உடுத்தும் துணி ஆகிய அனைத்தையும் அவர் ஆராய்ந்தார். தொற்றுநோய் பரவும் காலத்தில், முதலில் நோயுற்றவரின் உடையைச் சோறு ஆவியில் வேகவைக்கும் பாத்திரத்தில் இட்டு ஆவி காட்டினால், வீட்டிலுள்ள மற்றவர்க்கு நோய் தொற்றாது என்று எழுதினார். கிருமி என்ற ஒன்றை உலகம் அறிவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டது இது. 2020ஆம் ஆண்டில் பள்ளியைப் பூட்டிவிட்டு வீட்டிலிருந்தபோது நாம் இதைப் பலமுறை நினைத்துக்கொண்டோம்.

அவர் அஞ்சாமல் எழுதிய இடம் பாதரசத்தைப் பற்றியது. அக்காலத்தில் பாதரசத்தையும் ஈயத்தையும் கலந்து செய்யும் மாத்திரைகள் சாகா வரம் தரும் என்று செல்வர்கள் நம்பினர். அப்போது அரியணையில் இருந்த ஜியாஜிங் பேரரசரே அத்தகைய மருந்துகளைத் தேடி வித்தைக்காரர்களைப் பேணி வந்தவர். அவருடைய நாட்டிலேயே வாழ்ந்துகொண்டு, பாதரசம் நஞ்சு என்றும், நெடுநாள் வாழ விரும்பி அதை உண்டவர்கள் முடமாயினர், மாண்டனர் என்றும் லீ ஷிசென் எழுதினார். ஈயச் சுரங்கத் தொழிலாளர்களையும் அவர் மறக்கவில்லை. விளக்கை ஏந்திக்கொண்டு மலைக்குள் நெடுந்தூரம் சென்று ஈயம் வெட்டுவோர், மாதக்கணக்கில் வெளியே வராமல் அக்காற்றைச் சுவாசித்தால் தோல் வெளுத்து மஞ்சளாகும், வயிறு வீங்கும், உண்ண முடியாமல் இறப்பர் என்று குறித்தார். தொழிலே நோயைத் தரும் என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியோர் அக்காலத்தில் மிகச் சிலர். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்து விரல்நகம் இழந்த தாய்மார்களை நாம் நம் தோட்டத்தில் கண்டிருக்கிறோம். 2020ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. அவர்களுக்கும் ஒரு லீ ஷிசென் முன்னரே கிடைத்திருக்கலாம்.

இவ்வளவு சொல்வதால் அவர் பிழையே செய்யாதவர் என்று எண்ணவேண்டா. புல்லின் வேரிலிருந்து மின்மினி பிறக்கும் என்ற பழங்கதையை அவரும் நம்பினார். அக்கால நம்பிக்கைகள் பல அவர் நூலில் அப்படியே உள்ளன. அந்நூலில் கண்டதை எல்லாம் மருந்தென்று இன்று எவரும் காய்ச்சிக் குடிக்கலாகாது. நோய் வந்தால் கிளினிக்குக்குத்தான் செல்ல வேண்டும்.

1578ஆம் ஆண்டு நூல் முடிந்தது. இளைஞராகத் தொடங்கியவருக்கு அறுபது வயது. மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தார். அதற்குப் பென்சாவ் காங்மு என்று பெயரிட்டார். மொத்தம் 52 பகுதிகள். பழைய நூல்களில் இருந்த 1,518 பொருள்களோடு தாமாகவே 374 பொருள்களைச் சேர்த்து 1,892 ஆக்கினார். (அவர் பிறந்த ஆண்டும் 1518 என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.) பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகளும், ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களும் அதில் உள்ளன. படங்கள் வரைவதிலும் படியெடுப்பதிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் துணை நின்றனர். மூத்த மகன் லீ ஜியென்சோங், தந்தை மூன்று முறை தோற்ற அதே மாநிலத் தேர்வில் வென்று அதிகாரியானவர்.

நூல் முடிந்துவிட்டது, அச்சிடுவார் இல்லை. அக்காலத்தில் அச்சென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் மரப்பலகையில் எழுத்தெழுத்தாகச் செதுக்க வேண்டும். இவ்வளவு பெரிய நூலுக்கு அது பெருஞ்செலவு. பெயரில்லாத ஊர் மருத்துவரின் நூலுக்கு முதல் போட யார் வருவார்? 1580ஆம் ஆண்டு, தம் 62ஆம் வயதில், கையெழுத்துப் படிகளைச் சுமந்துகொண்டு தைசாங் என்னும் ஊருக்குப் பயணமானார். அங்கே நாடறிந்த இலக்கியப் புலவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வாங் ஷிசென். நம் காதுக்கு இருவர் பெயரும் ஒன்றாகவே கேட்கும். சீன எழுத்தில் வேறு. அவர் ஒரு முன்னுரை எழுதிக் கொடுத்தால் பதிப்பாளர்கள் திரும்பிப் பார்ப்பர் என்பது லீ ஷிசென்னின் எண்ணம். மெலிந்த உடலும் ஒளிபொருந்திய முகமுமாக வந்து நின்ற முதியவரைப் புலவர் வரவேற்று விருந்தோம்பினார். அவர் பையில் அந்நூலைத் தவிர வேறு பொருள் எதுவும் இல்லை.

முன்னுரை 1590ஆம் ஆண்டுதான் எழுதப்பட்டது. பத்து ஆண்டுகள்! அவ்வாண்டே அப்புலவரும் காலமானார். நல்லவேளையாக, எழுதி முடித்துவிட்டார். அதன் பின்னர் நான்ஜிங் நகரத்துப் பதிப்பாளர் ஹூ செங்லோங் நூலை ஏற்றுக்கொண்டார். செதுக்குவோர் வேலையைத் தொடங்கினர். பலகைகள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டு வருகையில், 1593ஆம் ஆண்டில் லீ ஷிசென் கண்ணை மூடினார். அச்சிட்ட நூல் முழுமையாக வெளிவந்தது 1596ஆம் ஆண்டு என்பர். தம் வாழ்நாளை விழுங்கிய நூலை அட்டை போட்டுக் கையில் ஏந்திப் பார்க்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

தந்தையின் விருப்பப்படி மகன் லீ ஜியென்யுவான் அதே 1596ஆம் ஆண்டில் நூலை எடுத்துக்கொண்டு பெய்ஜிங் சென்று வான்லி பேரரசரின் திருமுன் சேர்ப்பித்தார். பேரரசர் நூல் இங்கேயே இருக்கட்டும் என்றும், உரிய இலாகாவுக்குத் தெரிவிக்குமாறும் ஒரு குறிப்பு எழுதினார். அவ்வளவுதான். அரண்மனையிலிருந்து வேறு ஒன்றும் வரவில்லை. மனுக்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து பழகிய நம் தோட்டத்து மக்களுக்கு அக்குறிப்பின் பொருள் நன்றாக விளங்கும்.

ஆனால் நூல் பேரரசருக்காகக் காத்திருக்கவில்லை. 1603ஆம் ஆண்டு ஜியாங்சி மாநிலத்தில் மறுபதிப்பு வந்தது. 1607ஆம் ஆண்டுக்குள் கடல் கடந்து ஜப்பானை அடைந்துவிட்டது. 1735ஆம் ஆண்டு அதன் சில பகுதிகள் பிரெஞ்சு மொழியில் பாரிஸ் நகரில் அச்சாயின. நான்ஜிங் நகரில் செதுக்கிய முதற்பதிப்பின் படிகள் இன்று உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 2011ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு அந்நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

சீசோ ஊரில், மழை ஏரி என்று பொருள்படும் யூஹூ ஏரியின் கரையில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் தம்மை ஏரிக்கரையோன் என்றே புனைபெயரிட்டு அழைத்துக்கொண்டவர். மகன் அதிகாரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, பின் மகன் கேட்டபோது மருத்துவத்தைக் கற்றுக்கொடுத்த தந்தையாரும், தாயாரும் அவருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.